தொட்டிக்குள் இறக்கிய புற்றுமண்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், உன் மாமா, வீட்டுத் தரகர், வாடகைக்கு வீடு பார்க்க வந்த வங்கி அதிகாரி, அவருடைய மனைவி. ஆறாவதாக நீ. மாமா நீட்டிப் பிடித்திருந்த போனுக்குள், ஐதராபாத்தில் உன் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி இருந்தாய். வேறு யாரும் இல்லை. யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. இந்தக் கடிதத்தில் அதுவும் ஒரு காரியம் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

தரகர் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "போர் தண்ணி சார், வத்தாது. கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். குளிக்கதுக்கு ஒண்ணும் செய்யாது." அந்த அம்மா அதைக் கேட்கவில்லை. நீ மாட்டிக் கொடுத்த நான்கு வெள்ளைக் குழாய்களையும், அவற்றின் ஓட்டைகளிலிருந்து தலைநீட்டும் பாலக்கீரையையும் புதினாவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "மண்ணே இல்லாமலா வளருது? நீங்களா பாத்துக்கிடுதிய?" என்று என்னிடம்தான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் போனிலிருந்து நீ சொன்னாய்: "அம்மாவுக்கு இப்ப முடியலைங்க. நாலு சொட்டு ஆசிட் ஊத்தவே மறந்து போகுது. நாளைக்கு கேஸைத் திறந்து வச்சுட்டு மறந்துட்டா என்ன பண்றது? அதான் எங்ககூடவே கூட்டிட்டு வந்துரலாம்னு." தரகர் உடனே, "அது சரிதான, வயசான காலத்துல" என்றார். அந்த அம்மா என் கையைத் தொட்டாள். மறதிக்காரர்களின் கையை எப்படித் தொடுவார்களோ அப்படித் தொட்டாள், எய்யா.

நீ அன்பில்லாமல் சொல்லவில்லை. உன் குரலில் கவலைதான் இருந்தது. ஆனால் நீ சொன்னது நடந்ததல்ல. நடந்தது என்ன என்று அப்போது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்; ஐந்து பேர் முன்னால் வாய் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், பாதியிலேயே நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். வெள்ளிக்கிழமை அவர்கள் முன்பணம் கொடுக்க வருகிறார்கள். தை பிறந்தால் வீடு அவர்களுக்கு. அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வந்தபோதுதான் நீ இந்தக் குழாய்களை மாட்டினாய். உன் நண்பன் ஒருவன் வந்து பொருத்திக் கொடுத்தான். நாற்பது லிட்டர் தொட்டி, சின்ன மோட்டார், சத்துக் கரைசல் இரண்டு புட்டி, ஆசிட் ஒரு புட்டி, பேனா மாதிரி ஒரு மீட்டர். தொட்டி மூடியில் கொட்டை எழுத்தில் '5.5 முதல் 6.5 வரை' என்று எழுதி வைத்தாய். "தண்ணிக்குள்ள புளிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவுன்னு இது சொல்லும். ஏழுக்குக் கீழ போனா புளிப்பு, மேல போனா காரம். இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல நிறுத்திட்டா செடி தானா வளந்துரும்" என்றாய். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். ஆனாலும் மாதக் கணக்கானாலும் விரதக் கணக்கானாலும் நான் எழுதாமல் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு நீள நோட்டில் கோடு போட்டேன். தேதி, காலை அளவு, மாலை அளவு, எத்தனை சொட்டு ஆசிட். கடைசியில் ஒரு பத்தி, யார் பேசினார்கள் என்பதற்கு. அதை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தாளில் இடம் இருந்தது.

முதல் இரண்டு மாதம் நான் பட்டது கொஞ்சமில்லை. நம் போர் தண்ணீர் எட்டுக்கு மேல் காட்டும். ஆசிட் விட்டு ஆறுக்குக் கொண்டுவந்து வைத்தால், மறுநாள் காலையில் ஏழரையில் நிற்கும். சரி என்று கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். அது நேர் எதிர். அதில் உப்புக் கனமே கிடையாது; இரண்டு சொட்டு அதிகமாக விட்டால் நாலரைக்குக் குப்புற விழுந்தது. நீ தினமும் பேசினாய். "இன்னிக்கு எவ்வளவு? எத்தனை சொட்டு விட்ட? கலக்கிவிட்டுப் பாத்தியா?" என்று அரை மணி நேரம். பிறகு நானாகவே ஒன்று கண்டுபிடித்தேன். மூன்று குடம் கேன் தண்ணீரோடு ஒரு குடம் போர் தண்ணீர். அந்த ஒரு குடத்துக் கனம் மற்றதைப் பிடித்து நிறுத்தியது. முதலில் சத்துக் கரைசல், பிறகுதான் அளவு, பிறகுதான் ஆசிட், அதுவும் இரண்டிரண்டு சொட்டாக. விட்டவுடன் அளக்காமல் அரை மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டு அளக்க வேண்டும். ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் அது ஏறினாலும் இறங்கினாலும் கை வைக்கக் கூடாது. தினமும் திருத்தினால் அது நிலைக்கவே நிலைக்காது. இதையெல்லாம் சொன்னபோது நீ, "எம்மா, நீ இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்" என்றாய். அன்றைய தேதிக்கு நேரே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அளவு நிலையாக நின்றது. நான் காலையில் '6.0' என்று அனுப்புவேன். நீ கட்டைவிரல் படம் அனுப்புவாய். மறுநாள் '6.1'. கட்டைவிரல். நோட்டின் கடைசிப் பத்தி வெறுமையாகிக்கொண்டே போனது. உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. மருமகள் நல்ல பிள்ளை, அவளும் வேலைக்குப் போகிறவள். காரியம் சரியாக நடக்கிற இடத்தில் யாராவது நின்று கேட்பார்களா? எனக்குத்தான் ஒரு நாளில் பேசிய பேச்சை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பால்காரரிடம் 'அரை லிட்டர் போதும்', பூக்காரியிடம் 'நாளைக்கு ரெண்டு முழம்', கோமதி அம்மன் சந்நிதியில் வாய்க்குள் சொல்வது. அவ்வளவில் ஒரு நாள் முடிந்துவிடும். சமைத்ததற்கு உப்பு சரியா என்று கேட்க ஆள் இல்லை. உப்பு சரியாகத்தான் இருக்கும்.

ஆடி பிறந்து கீரை இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. உன்னிடம் படம் அனுப்பினேன், நீ பார்த்தாய், பதில் அனுப்ப நேரம் இல்லை போல. நம் ஊரில் தோலில் தடிப்போ புள்ளியோ வந்தால் என்ன செய்வோம்? உனக்கு மூன்று வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது நான் என்ன செய்தேனோ அதையே செய்தேன். திங்கட்கிழமை கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தேன். உனக்குக் குழைத்துப் பூசினேன். இலைக்கு எப்படிப் பூசுவது? எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, வெள்ளைத் துணியில் முடிந்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, தொட்டிக்குள் நூலில் கட்டி இறக்கிவிட்டேன். புள்ளி விழுந்த இலைகளையும் கிள்ளி எறிந்தேன். ஒரு வாரத்தில் புதுப் புள்ளி விழவில்லை. அது அம்மன் செய்ததா, கிள்ளியதால் நின்றதா என்று நான் ஆராயவில்லை.

ஆனால் அளவு ஏறத் தொடங்கியது. காலையில் 6.0க்குக் கொண்டுவந்தால் மாலையில் 6.8. மறுநாள் 7.3. ஆசிட் விட விட அது மறுபடி ஏறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயந்துபோய் உனக்குச் சொன்னேன். நீ உடனே கூப்பிட்டாய். மறுநாளும் கூப்பிட்டாய். மீட்டரைச் சரிபார்க்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்து அதில் மீட்டரை முக்கச் சொன்னாய். மீட்டர் சரியாக இருந்தது. அப்படியும் புது மீட்டர் ஒன்று அனுப்பினாய். இடையில் 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டாய். ஒரு நாள் அளவைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல், உன் அலுவலகத்தில் ஒருவர் நாற்காலியிலேயே தூங்கி விழுந்த கதையைச் சொன்னாய். நாம் இருவரும் சேர்ந்து சிரித்தோம். நோட்டின் கடைசிப் பத்தியில் பதினாறு நாள் தொடர்ந்து உன் பெயர்.

பதினேழாம் நாள் தொட்டி கழுவும்போது துணி முடிச்சைப் பார்த்தேன். அதன்மேல் நுண்ணிய குமிழிகள் ஒட்டியிருந்தன. சந்தேகம் வந்தது. கோயில் மண்ணைச் சோதிக்க மனம் வரவில்லை. வாசல் மண் ஒரு பிடி எடுத்து, ஆசிட் விட்ட தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். காலையில் 5.8. மாலையில் ஏழுக்கு மேல். நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, எய்யா. கிணறு தோண்டினாலும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்தான் வரும். அந்தச் சுண்ணாம்பு கரைந்து கரைந்து, நான் விட்ட ஆசிட்டையெல்லாம் தின்றிருக்கிறது. முடிச்சை எடுத்துப் பூஜை அறையில் வைத்தேன். தண்ணீரை மாற்றினேன். அளவு 6.0, 6.0, 6.1. கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல்.

ஒன்பது நாள். பத்தாம் நாள் நான் முடிச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மறுபடி தொட்டிக்குள் இறக்கினேன்.

முதல் தடவை இறக்கும்போது விளக்கேற்றிக் கும்பிட்டேன். இரண்டாம் தடவை கும்பிடவில்லை. வித்தியாசம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

நீ கூப்பிட்டாய். "எம்மா, மறுபடி ஏறிட்டா? ஆசிட் விட்டியா இல்லையா? மறந்துட்டியா?" என்றாய். விட்டேன் என்றால் ஏன் ஏறுகிறது என்று கேட்பாய். அதனால், "மறந்துட்டேன் போலிருக்கு" என்றேன். வாயில் வந்த எளிய சொல் அது. அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரம் நீயே, "இன்னிக்கும் மறந்துட்டியா?" என்று ஆரம்பித்தாய். உன் குரல் மெதுவாகிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். அக்கறை கூடுகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நீ என்ன முடிவுக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. குருத்து இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. தண்ணீரில் காரம் ஏறினால் செடிக்கு இரும்புச் சத்து எட்டாது என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். தெரிந்தே அவற்றை அப்படி விட்டேன். குழாய் பொருத்திய உன் நண்பனிடம், "உன் வேலைதான் சரியில்ல" என்று நீ சண்டை போட்டதாகச் சொன்னாய். அவனிடம் மன்னிப்புக் கேள், எய்யா. அவன் குழாயில் ஒரு குற்றமும் இல்லை.

எட்டாம் வகுப்பில் நீ ரேங்க் கார்டில் கணக்கு மதிப்பெண்ணை முப்பத்தொன்றிலிருந்து எண்பத்தொன்றாக மாற்றியது உனக்கு நினைவிருக்கும். மூன்றை எட்டாக்க இரண்டு வளைவு போதும். மையின் நிறம் மாறியிருந்ததை நான் ஒரு நொடியில் பிடித்துவிட்டேன். அப்பா அடிக்கக் கை ஓங்கினார், நான் தடுத்தேன். அதை இத்தனை வருஷமும் எனக்கு ஒரு பெருமையாக வைத்திருந்தேன். ஆனால் அதன் பிறகு பதினொரு நாள் நான் உன்னிடம் பேசவில்லை. தட்டில் சோறு வைத்தேன், சட்டையைத் தேய்த்து வைத்தேன், பேசவில்லை. நீ அடுப்படியில் என் பின்னாலேயே சுற்றி, "எம்மா, ஒரு வாட்டி ஏசிரும்மா" என்றாய். ஏசவில்லை. கணக்கில் பொய் எழுதுகிறவனுக்கு இதுதான் மருந்து என்று நினைத்தேன். அடி அரை நாளில் ஆறியிருக்கும். பேச்சில்லாத வீடு என்ன செய்யும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன்: ஏன் மாற்றினாய் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. நாளை உனக்கும் பிள்ளைகள் வரும். எண் தப்பாக வந்தால் எண்ணைத் திருத்த ஓடாதே. அதை எழுதிய ஆளிடம் உட்கார்ந்து, ஏன் என்று கேள். இதை உனக்குச் சொல்ல எனக்கு அருகதை குறைவுதான். ஆனாலும் பட்டுத் தெரிந்ததைச் சொல்லாமல் எதைச் சொல்வது?

ஞாயிறன்று அவர்கள் எல்லோரும் போன பிறகு மாமா சாப்பிட உட்கார்ந்தான். ரசம் ஊற்றும்போது, "ஏ தம்பி, எனக்கு மறதி கிடையாது" என்றேன்.

"நானா சொன்னேன்? ஒம் மவன்லா சொல்லுதான்."

"அவன் சொல்லுதது தப்பு." மாடிக்குப் போய் ஈர முடிச்சை எடுத்து வந்து அவன் இலை பக்கத்தில் வைத்தேன்.

"என்னக்கா இது, இட்லி மாவா?"

"புத்துமண்ணு." முதலிலிருந்து சொன்னேன். அவன் கை சோற்றிலேயே நின்றது. பிறகு புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "ஏ யக்கா! ஊரு சனமெல்லாம் நெத்தியில பூசுது, நீ ஆசிட்டுல ஊறப்போட்டு மோட்டார் வச்சுல்லா சுத்த விட்டுருக்க! அம்மன் ஒன்னய என்ன செய்யப்போறாளோ!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறியது. "'சும்மாவாவது எங்கிட்ட பேசுலே'ன்னு அவன்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதான?"

"கேட்டு வாங்குனா அது ஒரு பேச்சா?"

"அப்ப ஏமாத்தி வாங்குனது மட்டும் பேச்சாக்கும்?"

மோர்ச் சட்டியை எடுத்து அவன் இலையில் ஊற்றினேன். சாப்பிட்டு எழுந்ததும் அவன், "நான் வேணா அவன்கிட்ட பக்குவமா சொல்லிருதேன்" என்றான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மனிடம் சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்றபோது, இவளுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லப்போகிறேன், தெரியாதவன் ஐதராபாத்தில் அல்லவா இருக்கிறான் என்று தோன்றியது. தீபாராதனைக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன். முடிச்சை அவிழ்த்து மண்ணை நம் வீட்டு வில்வ மரத்தின் அடியில் போட்டேன். தொட்டியைக் கழுவி, மூன்றுக்கு ஒன்றாகத் தண்ணீர் நிரப்பி, கரைசல் ஊற்றி, இரண்டிரண்டு சொட்டாக ஆசிட் விட்டேன். இன்று புதன். மூன்று நாளாக அளவு அசையவில்லை. நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். முடிச்சு தொட்டிக்குள் இருந்த நாட்களைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஆசிட் விட மறக்கவில்லை. எத்தனை சொட்டு என்பதும் அதிலேயே இருக்கிறது. நீயே பார்த்துக்கொள்.

நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வராமல்தான் தொட்டித் தண்ணீரைச் சொல்ல வைத்தேன். ஆனால் மறதிக்காரி என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனால், உன் வீட்டில் ஒரு கரண்டி உப்பைக்கூட என் கையால் போட விடமாட்டீர்கள். நான் தூங்குகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவீர்கள். பொய்யாக வாங்கிய பட்டத்தோடு மிச்ச காலத்தை ஓட்ட எனக்குத் தெம்பில்லை. அம்மா நம்மோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நீங்கள் இருவரும் நினைத்தால் கூப்பிடு. வந்து நாலு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறேன், வீடும் வாடகைக்கு விடாமல் இருக்கட்டும். அப்படி நினைக்கவில்லை என்றாலும் குற்றமில்லை. நான் இங்கேயே இருந்துகொள்வேன், என் கையும் கண்ணும் நினைவும் நன்றாகத்தான் இருக்கின்றன. எதுவானாலும் நடந்தது தெரிந்து நீ முடிவெடுக்க வேண்டும்.

நான் செய்ததற்கு உனக்குக் கோபம் வரும். வந்தால் அதை எழுது, அல்லது சொல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வருகிறார்கள். வரச் சொல்வதா வேண்டாமா என்று தரகரிடம் நான் நாளைக்குள் சொல்ல வேண்டும். படித்ததும் பதில் சொல், எய்யா.